கல்யாணத்துக்கு மறுநாள் கச்சேரி

ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் ‘நவராகம்’ மெல்லிசைக் குழுவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் துலுக்காணத்தின் மீசையைப் பற்றித்தான் சொல்வார்கள். பாட்டெல்லாம் அப்புறம்தான். காரணம், அந்தக் குழுவில் பெண் குரலும் அவரேதான். ஆண் குரலில் ஒரு வரி பாடுவார். மைக்கை இடக்கைக்கு மாற்றுவார். தொண்டையை எங்கோ உச்சாணியில் ஏற்றி அடுத்த வரியைப் பெண்ணாகப் பாடுவார். முன்வரிசைச் சனம் வாயைப் பிளக்கும். பின்வரிசைச் சனம், பாடுகிற பெண் எங்கே என்று ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய்த் தேடும். விஜயபுரம் பக்கத்தில் ஒரு திருவிழாவில் ஒருவர் மேடைமேலேயே ஏறிவிட்டார். “அந்தப் பொண்ண வெளிய உடுங்கப்பா, இன்னாத்துக்கு ஒளிச்சி வச்சிக்கீறீங்க” என்று ஒரே ரகளை. மீசைக்காரர்தான் அந்தப் பெண் என்று அவரை நம்பவைப்பதற்குள் அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிட்டது.

குழுவில் ஒருவரும் முறையாகச் சங்கீதம் படித்தவர் இல்லை. பெரும்பாலும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். தலைவர் ஹரிபாபு மட்டும் நூல் கடை வைத்திருந்தார். அவருடைய மச்சான் குவைத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த கீபோர்டு ஒன்று இருந்ததால் தலைவரானார். ஜெயச்சந்திரன் தபேலா. இன்னும் இரண்டு பேர் கிட்டாரையும் டிரம்மையும் ஒரு வழியாகச் சமாளித்தார்கள். கேசட்டை ஓட்டி, நிறுத்தி, திரும்ப ஓட்டி, நாடா அழ ஆரம்பிக்கும்வரை கேட்டுக் கேட்டுத்தான் பாடம். எல்லைப்புறத்துக் குழு என்பதால் ஒவ்வொரு பாட்டும் இரண்டு பாஷையிலும் வேண்டும். புத்தூரில் தெலுங்கு, பள்ளிப்பட்டில் தமிழ். அவசரத்தில் பல்லவியைத் தமிழில் எடுத்துச் சரணத்தைத் தெலுங்கில் முடித்த நாட்களும் உண்டு. கேட்ட சனமும் அப்படித்தான் வீட்டில் பேசும் என்பதால் ஒருவரும் கண்டுகொண்டதில்லை.

ஒத்திகை ஜெயச்சந்திரன் வீட்டுத் தறிக் கொட்டகையில் நடக்கும். அவன் மனைவி ருக்மணி அந்தக் கொட்டகையின் மூலையில் உட்கார்ந்து தறிக்கு வேண்டிய நூலைச் சுற்றிக் கொடுப்பாள். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று திட்டினால்கூடக் காதில் விழாது. அந்த இரைச்சல்தான் ருக்மணிக்கு மறைப்பு. அதற்குள் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டுப் பாடுவாள். கேசட்டில் வரும் பெண்பாட்டு அத்தனையும் அவளுக்குப் பாடம். அவள் பாடுவது அவள் காதுக்கே சரியாகக் கேட்டதில்லை.

ஒருநாள் பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. ருக்மணியின் குரல் மட்டும் ஓயாமல், மேலே ஏறிய இடத்திலேயே தனியாக நின்றது. அவள் பதறி வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் வந்து நின்றிருந்த துலுக்காணம் பொத்தென்று நூல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“டேய் ஜெயச்சந்திரா, இத வூட்டுல வச்சிக்கினா என்னைய இத்தினி வருசமா பொம்பளையா கத்த வுட்ட? இத்தோட என் பொம்பள ஜென்மம் முடிஞ்சிது.”

ஆனால் அது அவ்வளவு சுலபத்தில் முடிகிற ஜென்மமாக இல்லை. ஜெயச்சந்திரனின் அப்பா முனிசாமி ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிட்டார். “மைக் புடிக்கிற மருமவ நம்ம வூட்டுக்கு வாணாம்.” அதற்குமேல் பேச்சில்லை. துலுக்காணம் பழையபடி மைக்கைக் கை மாற்றிக்கொண்டிருந்தார். ஒத்திகையில் ருக்மணி பாடிக்காட்டுவாள். மேடையில் அவர் அதைப் பாடுவார். கைதட்டல் கிடைத்தால் வீட்டுக்கு வந்து, “தங்கச்சி, இன்னிக்கு ஒனக்கு நல்ல கைத்தட்டு” என்று ஒப்படைத்துவிட்டுப் போவார். நல்ல மனிதர். என்றாலும் கைதட்டல் என்ன மல்லிகைப் பூவா, பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துவர?

ருக்மணிக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. பேர் வேண்டாம், படம் போட்ட நோட்டீஸ் வேண்டாம். ஒரே ஒரு தரம் மேடையில் நின்று பாடவேண்டும். தன் குரல் ஸ்பீக்கர் வழியாக வெளியே போய், எங்கேயாவது பட்டுத் திரும்பி, தன் காதிலேயே விழவேண்டும். அவ்வளவுதான்.

அந்த வருஷங்களில் சந்தை திறந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். திறந்த வழியாக சூரத்திலிருந்து மலிவான புடவைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. நகரியில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில், எந்த ஊர்ப் புடவை தன் தறியை நிறுத்தியதோ அந்த ஊருக்கே போய்த் தறி ஓட்டுவதென்று ஜெயச்சந்திரன் முடிவு செய்தான். கோபத்தில் எடுத்த முடிவில்லை, வயிற்றுக்காக எடுத்தது. ஆவணி முடிந்ததும் புறப்பாடு. தபேலாவைக் குழுவிடமே விட்டுவிடுவதாகவும் பேச்சு.

துலுக்காணம் முனிசாமியிடம் மறுபடி போனார். இந்த முறை மீசையை நன்றாகத் தணித்துக்கொண்டு போனார்.

“மாமா, தங்கச்சி ஊர வுட்டே போவுது. ஒரே ஒரு கச்சேரி பாடிட்டு போவட்டும்.”

முனிசாமி வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். “நம்ம சனம் ஒருத்தரும் இல்லாத ஊரா பாத்து, ஒரே ஒரு வாட்டி பாடிக்கட்டும்” என்றார். “அப்பறம் என்னைய கேக்கக் கூடாது.”

நாகபூஷணம் வந்து சேர்ந்தது அந்த வாரம்தான். ரேணிகுண்டாவைத் தாண்டி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வேர்க்கடலை வியாபாரி; முனிசாமி கேட்டபடியே அவர்கள் சனம் ஒருவரும் இல்லாத ஊர். ஒரே மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஹைதராபாத்தில் வேலை. எங்கேயோ ஒரு வரவேற்பில் இவர்கள் வாசித்ததை அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். தன் கல்யாணத்துக்கு இவர்கள்தான் வேண்டும் என்று பிடிவாதமாம்.

“ஆதிவாரம், மூணு கண்ட்டலுக்கு முகூர்த்தம்” என்றார் நாகபூஷணம், பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக. “ராத்திரி பூரா உங்க கச்சேரி. எங்க பாப்பா ரொம்ப ஆசப்பட்டுச்சி, தவறாம ஒச்செயண்டி, வந்துடுங்க.”

அவர் போனபின் துலுக்காணம் தலையைச் சொறிந்தார். “பகல் மூணு மணிக்கா தாலி கட்டுவாங்க?”

“அவங்க பஞ்சாங்கம் அவங்களுக்கு” என்றார் ஹரிபாபு. “தெலுங்குக்காரங்க கல்யாணத்துல எந்த நேரமும் முகூர்த்தம் வரும். ஓடிப்போயி கேட்டா நல்லா இருக்குமா? இன்னாடா இவங்க, நம்ம வழக்கம் தெரியாதவங்கன்னு நெனைக்க மாட்டாங்க?” மரியாதை போய்விடுமே என்று கேட்காமல் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் தாலி, இரவில் பாட்டு என்று அவர்களே முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து ருக்மணி தயிரைத் தொடவில்லை. மிளகைத் தட்டிப் பனங்கற்கண்டோடு வாயில் அடக்கிக்கொண்டே நூல் சுற்றினாள். தன் கல்யாணத்துக்கு எடுத்த கத்தரிப்பூ நிறப் புடவையை வெயிலில் போட்டு எடுத்தாள். தெலுங்குச் சரணங்களை அடுப்படியில் நின்று முணுமுணுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேன் வந்து நின்றபோது, அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜெயச்சந்திரன்தான் அவள் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தான்.

புத்தூர் தாண்டி, ரேணிகுண்டா தாண்டி, கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டிக்குக் காத்திருந்து, கிராமத்துக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்திருந்தது. வாழை மரம் கட்டிய பந்தல் தூரத்திலேயே தெரிந்தது. “தோ, வூடு” என்றார் ஹரிபாபு உற்சாகமாக.

கிட்டே போகப் போக உற்சாகம் வடிந்தது. வாழை மரங்கள் துவண்டு தொங்கின. நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டிருந்தது. பந்தல்காரர் ஒருவர் ஏணிமேல் நின்று துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வீட்டின் பக்கவாட்டில் சில பெண்கள் அண்டாக்களைச் சாய்த்துப் போட்டுச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எச்சில் இலைக் குவியலில் நாய்கள் சாவகாசமாக மேய்ந்தன. அவை பசியெல்லாம் தீர்ந்து ருசி பார்க்கிற கட்டத்தில் இருந்தன.

உள்ளேயிருந்து நாகபூஷணம் வந்தார். இவர்களைப் பார்த்தார். கீபோர்டைப் பார்த்தார்.

“பெள்ளி அயிபோயிந்தி” என்றார் கடைசியில். கல்யாணம் முடிந்துவிட்டது.

“ஆதிவாரம் மூணு மணின்னு...” என்று ஹரிபாபு இழுத்தார்.

“மூணு மணிதான்! சனிவாரம் ராத்திரி, விடியறதுக்கு முன்னால மூணு மணி! பகல் மூணு மணிக்கு எவனாச்சும் தாலி கட்டுவானாய்யா?”

“ராத்திரி மூணு மணிக்கு எவனாச்சும்...” என்று தொடங்கிய துலுக்காணத்தின் காலை ஜெயச்சந்திரன் மிதித்தான்.

நாகபூஷணம் துண்டால் முகத்தைத் துடைத்தார். “நேத்து சாய்ந்தரத்துலேர்ந்து எம்பொண்ணு மேடைல உக்காந்துக்கினு, பாட்டுக்காரங்க ஒச்சினாரா நைனா, வந்தாங்களா நைனான்னு கேட்டுக்கினே இருந்திச்சி. தாலி கட்டற நேரத்துல கூட கண்ணு வாசல்லயே இருந்திச்சி. மத்தியானம் வண்டி ஏறி மாமியார் வூட்டுக்குப் போயிடுச்சி. போவும்போது ஒரு வார்த்த கேக்கல. அதான் எனக்கு தாங்கல.”

ஒருவரும் நிமிரவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தில் பாட்டு இல்லாமல் செய்துவிட்டோம் என்பது ஒவ்வொருவருக்கும் சுட்டது. ருக்மணிக்கு இரண்டு பக்கமும் சுட்டது. அந்த முகம் தெரியாத பெண்ணை நினைத்தால் தொண்டை அடைத்தது. அதே தொண்டையைத்தானே இத்தனை நாளும் மிளகு போட்டு வளர்த்தோம் என்று நினைத்தால், வெட்கமில்லாமல் தன்மேலும் பரிதாபம் வந்தது. ஆவணி முடியப் போகிறது. ஒரே ஒரு வாட்டி என்று மாமனார் சொன்ன அந்த வாட்டி இதுதான். இது போனால் போனதுதான்.

ஹரிபாபு கையெடுத்துக் கும்பிட்டார். “தப்பு எங்களுதுங்க. வந்தது வந்துட்டோம். வூட்டு முன்னால ரெண்டு பாட்டாச்சும் பாடிட்டுப் போறோம், மனசு கேக்க மாட்டுது.”

“எவரிக்கி பாடதாரு?” என்றார் நாகபூஷணம். அடுக்கிக் கட்டிய நாற்காலிகளைக் கையால் காட்டினார். “குர்ச்சீலகா? நாற்காலிங்களுக்கா பாடுவீங்க? போங்கய்யா.”

அவர்கள் திரும்பினார்கள். ஜெயச்சந்திரன் தபேலாப் பையைத் தோளில் மாட்டினான். ருக்மணி வேனின் படியில் கால் வைத்தபோது, பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“நான் இருக்கேன் இல்ல.”

அண்டா தேய்த்துக்கொண்டிருந்த பெண்களின் நடுவிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். முழங்கைவரை சாம்பல். இடுப்பில் ஒரு பெரிய சாவி. கூலிக்கு வந்தவள் என்றுதான் ருக்மணி நினைத்திருந்தாள். அவள் நாகபூஷணத்தின் மனைவி செங்கம்மா, கல்யாணப் பெண்ணின் தாய். பிறந்தது சத்தியவேடு பக்கம் என்பதால் தமிழும் தெலுங்கும் அவள் வாயில் ஒன்றுக்குள் ஒன்று வரும்.

“நேத்து ராத்திரி பூரா நான் எங்க இருந்தேன்னு உனக்கு தெலுசா?” என்று கணவனைப் பார்த்துக் கேட்டாள். “தார வாத்த நேரம் போவ, ஸ்டோர் ரூம்லதான் இருந்தேன். அரிசி குடு, எண்ண குடு, வெத்தல குடுன்னு ஆளு மேல ஆளு. இந்தச் சாவிய எவ கையில குடுக்கிறது? மேளம் சத்தம் கேட்டு ஓடியாந்தேன். முன்னால நின்னவங்க முதுகுதான் தெரிஞ்சிது. எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறனத நான் கண்ணால பாக்கல. இந்தா, இவுங்க யாரும் பாக்கல.” அண்டாப் பக்கம் கையை நீட்டினாள். “எங்களுக்கெல்லாம் அந்தக் கல்யாணம் இன்னும் நடக்கல. பாடட்டும்.”

நாகபூஷணம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம் போலிருக்கிறது.

மைக் செட்காரர் ஒயரையெல்லாம் சுற்றி முடித்திருந்தார். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பிரித்தார். பந்தல்காரர் ஏணியிலிருந்து இறங்கினார். மேடைப் பலகை இன்னும் கழற்றப்படாமல் இருந்தது. வாடின பூச்சரங்கள் தொங்கின. பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். சமையல்காரர்கள் இரண்டு பேர் பீடியை அணைத்துவிட்டு வந்தார்கள். செங்கம்மா நாற்காலி வேண்டாம் என்று, கழுவிக் கவிழ்த்த ஒரு அண்டாவின்மேல் உட்கார்ந்தாள்.

துலுக்காணம் ஒரு சாமி பாட்டைப் பாடித் தொடங்கிவைத்தார். பிறகு மைக்கை எடுத்து ருக்மணியின் கையில் வைத்தார். இடக்கைக்கு மாற்றாமல், கொடுத்தேவிட்டார்.

மைக் அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஒத்திகை பார்த்த பாட்டு எதுவும் நினைவுக்கு வரவில்லை. பத்துப் பேர் உட்கார்ந்திருந்த அந்த முற்றம் திருவிழாக் கூட்டம்போலப் பயமுறுத்தியது. என்ன செய்வதென்று தெரியாமல் செங்கம்மாவையே பார்த்தாள்.

“உங்களுக்கு எந்தப் பாட்டு வோணும் அக்கா?”

“எனக்கு பாட்டு பேரெல்லாம் தெலியாது” என்றாள் செங்கம்மா. “எம்பொண்ணு வாசல் கூட்டும்போது ஒண்ணு பாடும். நேத்து அதைத்தான் கேக்கணும்னு மனசுல வச்சிக்கினு இருந்திச்சி.” கூச்சத்தோடு மூக்கால் இரண்டு வரி முனகிக் காட்டினாள்.

ராகம் எங்கெங்கோ தடுக்கி விழுந்தது. ஆனாலும் ருக்மணிக்குப் பளிச்சென்று பிடிபட்டது. அன்றைக்குக் கரண்ட் போனபோது அந்தரத்தில் நின்றதே, அதே பாட்டு. ஆனால் அவளுக்குத் தெரிந்தது அதன் தமிழ்தான். தெலுங்குக் கேசட் கிடைக்காததால் அந்தப் பாஷையில் அதைக் கற்றிருக்கவில்லை. ஜெயச்சந்திரனைப் பார்த்தாள். அவன் தபேலாவில் கையை வைத்து மெல்ல ஆரம்பித்தான். ஹரிபாபுவின் கீபோர்டு சேர்ந்துகொண்டது.

ருக்மணி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

முதல் வரி வெளியே போயிற்று. எதிர் வீட்டுச் சுவரில் பட்டு ஒரு நொடி கழித்துத் திரும்பி வந்தது. யாரோ ஒருத்தி நன்றாகப் பாடுகிறாள் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. அது தான்தான் என்று புரிந்தபோது உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு நாளும் இது எனக்குள்ளேயா இருந்தது என்று வியப்பாக இருந்தது. அழுகை வரும்போல இருந்தது. வந்தால் சுருதி போய்விடுமே என்று அடக்கிக்கொண்டாள்.

சரணம் வந்தபோது அவள் குரலின் அடியில் இன்னொரு குரல் கேட்டது. கண்ணைத் திறந்தாள். செங்கம்மா தெலுங்கில் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டே தெரியாது என்றவளுக்கு, மகள் தினமும் கூட்டிப் பெருக்கும்போது பாடிய வரிகள் ஒன்று விடாமல் இருந்தன. அண்டா தேய்த்த பெண்களும் ஒவ்வொருத்தியாகச் சேர்ந்தார்கள். மேடையில் தமிழ், தரையில் தெலுங்கு. மெட்டு ஒன்றுதான் என்பதால் எங்கும் இடிக்கவில்லை. பாடப் பாடச் செங்கம்மாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. துடைக்காமல் பாடினாள்.

பாட்டு முடிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். துலுக்காணம் மட்டும், “தங்கச்சி, இத நான் எப்பிடி வூட்டுக்கு கொண்டாந்து குடுக்கறது?” என்று கேட்டுவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ருக்மணியை நிறுத்த முடியவில்லை. மழைப் பாட்டு, தாலாட்டு, குத்துப் பாட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. குத்துப் பாட்டுக்குச் சமையல்காரர் கரண்டியோடு ஆடினார். பந்தல்காரர் பாதி அவிழ்த்த துணியை மறுபடி முடிச்சுப் போட்டு, “நாளைக்கு அவுத்துக்கறேன், ஓடியா பூடும்” என்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை, நாகபூஷணம் நாற்காலி அடுக்கிலிருந்து ஒன்றை உருவிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு தொடையில் தாளம் போட்டார். தாளம் தப்புத்தான். ஜெயச்சந்திரன் சமாளித்துக்கொண்டான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பாட்டு முடிந்தது. நாகபூஷணம் ஹரிபாபுவிடம் வந்தார். திட்டு வாங்குவதற்குத் தயாராக ஹரிபாபு தலை குனிந்தார்.

“சாப்பாடு ஆச்சா?” என்றார் நாகபூஷணம். “நேத்து புளியோதர கீது, லட்டு கீது. துன்னுட்டுதான் போவணும்.”

இலை போட்டு உட்காரவைத்து அவரே பரிமாறினார். இரவு தாண்டிய புளியோதரை அப்படி ருசிக்கும் என்று ருக்மணிக்கு அன்றுதான் தெரிந்தது. “எம்பொண்ணு மறுவூட்டுக்கு வரும்போது சொல்றேன், வந்தாங்க, பாடனாங்கன்னு சொல்றேன்” என்று அவர் லட்டு வைத்தபடியே யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டார்.

கை கழுவும் இடத்தில் செங்கம்மா ருக்மணியைப் பிடித்துக்கொண்டாள். “மறுபடி எப்ப இந்தப் பக்கம் வருவீங்க?”

“வரமாட்டோம் அக்கா. சூரத்துக்குப் போறோம், பொழைக்க. அடுத்த வாரம் ரயிலு.”

“அம்மா வூட்டுல ஒடி கட்னாங்களா?”

கல்யாணமான பெண் ஊரை விட்டுப் புறப்படும்போது பிறந்த வீட்டில் அவள் மடியில் மஞ்சள் கலந்த அரிசியும் தேங்காயும் வெற்றிலையும் ரவிக்கைத் துணியும் வைத்து முடிந்து அனுப்புவது அந்தப் பக்கத்து வழக்கம். தெலுங்கர்கள் ஒடி என்பார்கள், தமிழர்கள் மடி என்பார்கள்.

“அம்மா இல்லக்கா. நான் சின்னப் பொண்ணா இருக்கசொல்லவே பூட்டாங்க. அண்ணனுங்களுக்கு அதெல்லாம் நெனப்புக்கு வராது.”

செங்கம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். இடுப்புச் சாவியை எடுத்து ஸ்டோர் ரூமைத் திறந்தாள். முறத்தில் அரிசியைக் கொட்டி மஞ்சள் தடவினாள். பலகை போட்டு ருக்மணியைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்தாள்; முந்தானையை விரிக்கச் சொன்னாள். இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வைத்தாள். ஒவ்வொரு கைக்கும் ஏதோ சொல்லிக்கொண்டே வைத்தாள். தேங்காய் வைத்தாள், வெற்றிலை வைத்தாள், பச்சை ரவிக்கைத் துணி வைத்தாள். குங்குமம் இட்டாள்.

“எம்பொண்ணுக்கு மத்தியானம் அவசரம் அவசரமா கட்னேன்” என்றாள். “வண்டி புறப்படுது, எமகண்டம் வருதுன்னு எல்லாரும் கத்திக்கினு இருந்தாங்க. அதும் மூஞ்சிய கூட சரியா பாக்கல. நீ மெதுவா எந்திரி.”

ருக்மணி மெதுவாகத்தான் எழுந்தாள். மடி கனத்தது. சரியான நாளில் வந்திருந்தால், பெரிய கூட்டம் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்திருக்கும். நானும் பாடியிருப்பேன். இந்த அம்மாள் இதே அறைக்குள் அரிசி அளந்துகொண்டிருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு ஹரிபாபு செய்த அந்தத் தப்புக்கு அவள் மனசார நன்றி சொன்னாள். கல்யாணப் பெண்ணிடம் மனசார மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

வேன்வரை செங்கம்மா கூடவே வந்தாள்.

“போற எடத்துலயும் பாடு, வுட்றாத.”

“அங்க யாருக்கு அக்கா பாடறது? பாஷ தெரியாத ஊரு. நம்ம ஜனம் யாரு கீறாங்க?”

“ஏன், இங்க மட்டும் யாரு இருந்தாங்க?” என்றாள் செங்கம்மா. “எனக்கு ஒருத்திக்குத்தானே பாடின. அங்கயும் ஒருத்தி இருப்பா பாரு, ஏதாச்சும் ஸ்டோர் ரூம்ல.”

ருக்மணி மடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினாள்.